ரஸ்க் போட்ட சாசேஜ்

மூட்டையில் 'ரஸ்க்' என்று போட்டிருந்தது. தடித்த காகிதப் பை, 25 கிலோ, மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். ரஸ்க் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். டீக்கடை பாட்டிலில் நிற்பது, டீயில் முக்கி எடுத்தால் பாதி கிளாசுக்குள்ளேயே விழுந்துவிடுவது. பன்றிப் பண்ணையில் அதற்கென்ன வேலை?

"சாசேஜில் போடத்தான்" என்றார் பண்ணைக்காரம்மா.

சப்பென்று ஆகிவிட்டது. இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சுவிண்டனிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி, கைமாவைக் குடலில் அடைக்கிற சாசேஜைச் செய்து பார்த்துச் சுவைத்துப் போகும் ஒருநாள் வகுப்புக்குப் பணமும் கட்டி வந்திருக்கிறேன். தோப்பில் மேய்ந்த பன்றி, சொந்தக் கையால் அடைத்த சாசேஜ் என்று போர்டு வைத்துவிட்டு இங்கேயும் ரொட்டித்தூள்தானா?

இந்தச் சந்தேகம் எனக்கு அப்பா வழி வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். மிளகு வாங்கி வந்தால் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுவார். பப்பாளி விதை இருந்தால் மிதக்கும். டீத்தூளை ஈரக் காகிதத்தில் தூவிச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். துவரம்பருப்பைத் தட்டில் பரப்பி, பணிமனையில் அளவு பார்க்கிற அதே கண்ணால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். எங்கள் வீட்டில் ஒரு கடைக்காரரைத் திட்ட 'கலப்படக்காரன்' என்பதைவிடப் பெரிய சொல் கிடையாது.

சாசேஜை முதலில் தின்றதும் பொன்மலையில்தான். பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கிறிஸ்துமஸ் காலையில் அந்த வீட்டு ஆன்ட்டி வாணலியில் சாசேஜ் பொரிக்கும் வாசனை எங்கள் திண்ணை வரைக்கும் வரும். அப்பா தின்ன மாட்டார். நான் போவதைத் தடுக்கவும் மாட்டார். "வாயைக் கழுவிட்டு வா" என்பதோடு சரி. பிற்பாடு நான் வேலைக்கு வந்து சேர்ந்த சுவிண்டனும் ரயில் பட்டறை ஊர்தான். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரிய பணிமனை இங்கே 1986 வரை ஓடியது. அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ நம்ம ஊர்தான்" என்றார்.

இப்போது சுவிண்டனில் கோவாக்காரர்கள் ஏராளம். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியும் கோவாதான். அவர்கள் ஊர் சாசேஜ் வேறு ஜாதி. மிளகாயும் வினிகரும் பூண்டும் ஏறிய சிவப்புக் கறியை ருத்திராட்சக் கொட்டை மாதிரி உருண்டை உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றை உடைத்து வெங்காயத்தோடு வதக்கினால் தெருவுக்கே தெரியும். இங்கிலீஷ் சாசேஜைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு. "இது சாசேஜ் இல்லை, இட்லி" என்பான். என்னைச் சீண்டத்தான் அப்படிச் சொல்கிறான் என்றாலும், சூப்பர் மார்க்கெட்டின் மலிவுப் பாக்கெட்டை ஒருமுறை வாங்கித் தின்றவர்களுக்கு அவன் சொல்வதில் தப்பு தெரியாது.

அந்தப் பாக்கெட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 'பன்றி சாசேஜ்' என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் பன்றிக்கறி 42 விழுக்காடு இருந்தால் போதும். வெறும் 'சாசேஜ்' என்றால் 32. அந்தக் கறிக் கணக்கிலேயே கொழுப்பு 30 விழுக்காடு வரை அடக்கம். மீதி தண்ணீர், ரஸ்க், மாவு. உலகப் போர்க் காலத்தில் கறி கிடைக்காமல் தண்ணீரை ஏற்றி அடைத்த சாசேஜ்கள் சட்டியில் படாரென்று வெடித்ததால்தான் அதற்கு 'பேங்கர்', அதாவது வெடி, என்று பட்டப்பெயர் வந்தது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வெடி போய்விட்டது, தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதிலும் நான் ஏமாந்திருக்கிறேன். 'வெளியில் ஈன்றது' என்று போட்டிருந்ததைத் திறந்தவெளியில் வளர்ந்தது என்று நினைத்து இரண்டு வருஷம் கூடுதல் காசு கொடுத்தேன். தாய்ப்பன்றி வெளியே இருக்கும், குட்டி வெளியே பிறக்கும். பால் மறந்ததும் கொட்டகைக்குள் போய்விடும். அதற்குத்தான் அந்தச் சொல். 'வெளியில் வளர்த்தது' என்றால் வெளியே இன்னும் கொஞ்ச காலம். பிறந்ததிலிருந்து கடைசி வரைக்கும் வெளியே என்றால்தான் 'ஃப்ரீ ரேஞ்ச்'. அதற்கும் முட்டைக்கு இருப்பது போலச் சட்ட வரையறை பன்றிக்குக் கிடையாது. தொழில்காரர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட விதிதான். பெட்டியைப் படித்து அலுத்துப்போய்த்தான் பன்றியையே நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பண்ணை பெர்க்லி பக்கம், செவெர்ன் ஆற்றின் கிழக்குக் கரைத் தாழ்நிலத்தில். ஆப்பிள், பேரிக்காய்த் தோப்புகளுக்குப் பேர்போன இடம். குளோஸ்டர்ஷையர் ஓல்டு ஸ்பாட் என்கிற பன்றி இனத்துக்கு இதுதான் சொந்த ஊர். வெள்ளைத் தோலில் மை சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். தோப்பில் உதிர்ந்த பழங்களைத் தின்றே வளர்ந்த இனம் என்பதால், புள்ளிகளெல்லாம் ஆப்பிள் விழுந்து கன்றிய தழும்பு என்று ஒரு கதையும் உண்டு. காது இரண்டும் வாழையிலை மாதிரி மடிந்து கண்ணை மறைக்கும். முன்னால் இருப்பது சரியாகத் தெரியாததால் மூக்கை நம்பி, நிதானமாக, தாத்தா நடை நடந்து வந்து ரப்பர் பூட்டை முகர்ந்து பார்க்கும்.

1955-இல் இங்கே ஓர் அரசுக் குழு உட்கார்ந்து, பன்றி வளர்ப்பு லாபகரமாக வேண்டுமானால் மூன்றே இனங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. பட்டியலில் இல்லாதவை ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. லிங்கன்ஷையரில் சுருட்டை ரோமத்தோடு ஒரு பன்றி இருந்தது, 1970-களின் தொடக்கத்தில் அந்த இனமே அற்றுப்போனது. ஓல்டு ஸ்பாட் தப்பியது இந்த மாதிரி பத்துப் பதினைந்து பன்றி வைத்திருக்கிற பிடிவாதக்காரர்களால்தான். நம் காங்கேயம் காளை கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பண்ணைக்காரம்மா மின்வேலியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார், விட்டுவிட்டேன்.

தோப்பில் பன்றி இருந்த இடம் உழுது போட்ட வயல் மாதிரிக் கிடந்தது. அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போலத் தகரக் குடில்கள், உள்ளே வைக்கோல். ஓரமாக ஒரு சேற்றுக் குழி. பன்றிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வியர்க்காது. வெயில் ஏறினால் சேறுதான் அதற்கு விசிறி, அதுவே வெள்ளைத் தோல் வெயிலில் வெந்துபோகாமல் காக்கிற பூச்சும். சினைக் காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னார் அம்மா.

வரும் வழியில் காரில் தின்ற வாழைப்பழத்தின் தோல் என் கோட்டுப் பையில் இருந்தது. வேலியோரம் ஒரு தாய்ப்பன்றி மூக்கை நீட்டவும், நம்மூர்ப் பழக்கத்தில் அதை எடுத்து நீட்டிவிட்டேன்.

"வேண்டாம்!"

அவ்வளவு நேரம் மெல்லப் பேசிய அம்மா போட்ட சத்தத்தில் பன்றியே பின்வாங்கியது. என் கையிலிருந்த தோலைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மன்னிப்புக் கேட்கிற குரலில் விளக்கினார். வீட்டுச் சமையலறை வழியாக வந்த எதையும் பன்றிக்குப் போடுவது இந்த நாட்டில் குற்றம். வாழைப்பழத் தோலானாலும், காய்கறிக் கழிவானாலும் அதே சட்டம். மரத்திலிருந்து விழுந்த ஆப்பிளைத் தின்னலாம். அதே ஆப்பிள் சமையலறை மேசையில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்தால் ஆகாது.

2001-இல் வந்த கோமாரிதான் காரணம். வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத எச்சில் கழிவைத் தீனியாகப் போட்டதில் தொடங்கியது என்று விசாரணையில் முடிவானது. நோயை நிறுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொன்றார்கள். அதே வருஷம் எச்சில் தீனிக்குத் தடை. "ஆற்றுக்கு அந்தப் பக்கம் எரித்தார்கள். புகை இங்கே வரைக்கும் வந்தது. துணி காயப்போட முடியவில்லை" என்றார். துணியைப் பற்றி மட்டும்தான் சொன்னார். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

நம்மூரில் பன்றியைப் பற்றிச் சொல்லும் முதல் குறை அது கண்டதையும் தின்னும் என்பதுதான். இங்கே அது என்ன தின்னலாம் என்பதற்கு, என் பையன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பட்டியலைவிடக் கறாரான சட்டம்!

பண்ணையில் அறுத்து விற்கவும் முடியாது. உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். சின்ன அறுப்புக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவதால் தூரம் கூடிக்கொண்டே போகிறது என்று அம்மா அலுத்துக்கொண்டார். தூரத்தால் டீசல் செலவு ஒரு பக்கம், அலுங்கிக் குலுங்கிப் பயந்துபோகிற பன்றியின் கறி கெட்டுப்போவது இன்னொரு பக்கம். ஆகவே முந்தின நாள் மாலையே கொண்டுபோய், ராத்திரி வைக்கோலில் படுக்கவிட்டு, காலையில் என்று ஏற்பாடு. ஆலைப் பண்ணைப் பன்றி ஐந்தாறு மாதத்தில் எடைக்கு வந்துவிடும். இவருடையவை எட்டு ஒன்பது மாதம் ஆகும். அந்தக் கூடுதல் மாதங்கள் முதுகில் கொழுப்பாக ஏறியிருப்பதை உள்ளே போனதும் காட்டினார். இரண்டு விரல் தடிமன், வெள்ளை வெளேரென்று, அழுத்தினால் வெண்ணெய் போல விரல் பதிகிறது.

கையெல்லாம் கழுவி, ஏப்ரன் கட்டி, ஆறு பேர் மேசையைச் சுற்றி நின்றோம். தோள்கறியும் வயிற்றுக்கறியும் கலந்து கொழுப்பு கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி எடுத்திருந்தார். கறி உறைந்துபோக ஒரு படிதான் பாக்கி. கையை வைத்தால் விரல் நுனி மரத்துப்போகிறது. கை பொறுக்கிற மாதிரி இருந்தால் அது சூடாகிவிட்டது என்று அர்த்தமாம். கொழுப்பு இளகினால் கறியோடு ஒட்டாமல் பூசிக்கொள்ளும். அப்புறம் அடுப்பில் எல்லாம் உருகி ஓடி, உள்ளே சக்கைதான் மிஞ்சும்.

கைமா அரைத்து வந்ததும் உப்பு. கிலோவுக்கு 16 கிராம், தராசில் நிறுத்து. பிறகு வெண்மிளகு, ஜாதிபத்திரி, கொஞ்சம் ஜாதிக்காய், பொடியாக நறுக்கிய சேஜ் என்கிற மூலிகை இலை. நம் பிரியாணிக்குப் பாதி மசாலா அங்கே இருந்தது. ஆனால் அளவைப் பார்த்தால் சாமிக்குப் படைக்கிற மாதிரி, தொட்டுக்கோ துடைச்சுக்கோ.

பிசைவதுதான் வேலை. முதல் இரண்டு நிமிஷம் கைமா உதிரியாக, ஈர மணல் போல இருந்தது. உப்பு ஏற ஏறக் கறியின் புரதம் வெளியே வந்து பசையாகிறது. ஐந்தாவது நிமிஷம் உள்ளங்கையைக் கவிழ்த்தால் உருண்டை விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. "இதுதான் பதம்" என்று அம்மா தலையாட்டினார். பதம் என்று அவர் சொல்லவில்லைதான், அவர் சொன்னதற்கு வேறு தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

குடல் ஒரு கிண்ணத்தில் உப்புப் போக ஊறிக்கொண்டிருந்தது. நுனியைக் குழாயில் மாட்டித் தண்ணீரைத் திறந்தால் மேசை நீளத்துக்குப் பாம்பாக எழுந்து நெளிகிறது. அதை இயந்திரத்தின் மூக்கில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், சுருக்குப்பைக்கு நாடா கோர்க்கிற மாதிரி. ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒருவர் வருவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தால் வெடிக்கும், விட்டுப் பிடித்தால் காற்று புகும். என்னுடையது இரண்டு முறை வெடித்தது. மூன்றாவது சுற்றில் வந்தது சாசேஜ் என்று சொல்லத்தக்கதாக இருந்தது, அங்கங்கே மலைப்பாம்பு முயல் விழுங்கினாற்போல.

ரஸ்க் மூட்டையை அப்போதுதான் பிரித்தார். கையில் அள்ளிக் கொடுத்தார். டீ ரஸ்க் இல்லை. ஈஸ்ட் போடாமல் மாவும் தண்ணீரும் சுட்டுக் காயவைத்துக் குருணையாக உடைத்தது, ரவையைவிடக் கொஞ்சம் பெரிது. வாயில் போட்டால் எந்த ருசியும் இல்லை. ஒரு டம்ளரில் கொஞ்சம் போட்டு அதன் மேல் தண்ணீரை விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முழுக்கக் காணாமல் போயிற்று.

"சட்டியில் உருகும் கொழுப்பையும் சாறையும் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் அது உங்களுக்கு இல்லை, சட்டிக்கு" என்றார்.

அன்று அடைத்ததை அன்றே பொரிக்கக் கூடாது. ஒரு ராத்திரி குளிரில் தொங்கித் தோல் காய வேண்டும். ஆகவே சுவைக்க எடுத்தது முந்தின நாள் போட்டவை. அடுப்பு சிறு தீயில், எண்ணெய் பேருக்கு, இருபத்தைந்து நிமிஷம். ஆர்வக்கோளாறில் ஒருவர் முள்கரண்டியால் குத்தப் போனார். அம்மா பார்த்த பார்வையில் கரண்டி தானாக மேசைக்கு வந்துவிட்டது. குத்தினால் சாறு போய்விடும்.

நாலு தட்டுகள். முதலில் 97 விழுக்காடு கறி, ரஸ்க்கே இல்லாதது. கோதுமை ஆகாதவர்கள் கேட்பதால் செய்கிறாராம். நான் மனசுக்குள் ஏற்கெனவே முதல் பரிசு கொடுத்து வைத்திருந்தது இதற்குத்தான். வெட்டியதும் ஒரு சொட்டு சாறு தட்டில் ஓடியது, அத்தோடு சரி. கறியின் ருசி நன்றாகவே இருந்தது. ஆனால் இறுகிப்போய், மெல்ல மெல்ல வறண்டுகொண்டே போயிற்று. மூன்றாவது வாய்க்குத் தண்ணீர் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது இந்தப் பண்ணையின் வழக்கமான சாசேஜ். கறி 85 விழுக்காடு, மீதியில் ரஸ்க்கும் கொஞ்சம் தண்ணீரும். தோல் பல்லில் பட்டு டப்பென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே கைமா தனித்தனிக் குருணையாகத் தெரிகிறது, ஆனால் உதிரவில்லை. கொழுப்பு நாக்கில் இளகியபடி கடைசி வரை கூட வந்தது. ஜாதிபத்திரி முதலில் தெரியவே இல்லை. விழுங்கிய பிறகு தொண்டைக்கு மேலே எங்கோ மணத்தது. கறியின் ருசியும் முதல் தட்டைவிட இதில்தான் அதிகம் தெரிந்தது. கறி குறைவு, கறி ருசி அதிகம். அப்பாவின் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பது?

மூன்றாவது, பாயைச் சுருட்டியது போல நீளமாகச் சுருண்டு கிடந்தது, மிளகு தூக்கலாக. பார்த்தவுடன் கம்பர்லாந்து சாசேஜ் என்றேன். அம்மா விரலை ஆட்டினார். அந்தப் பாரம்பரிய வகைக்கு 2011-இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். வடமேற்கே கம்ப்ரியாவில் செய்தால்தான் 'பாரம்பரிய கம்பர்லாந்து' என்று பெயர் போடலாம். இவர் தன் சீட்டில் 'மிளகுச் சுருள்' என்று எழுதியிருந்தார். நம் திண்டுக்கல் பூட்டு, மதுரை மல்லி சங்கதிதான். மிளகு காரணமாக எனக்குப் பிடித்தது, ஆனாலும் இரண்டாவதற்கு அடுத்துதான். நாலாவதில் ஆப்பிள் போட்டிருந்தார்கள். கறியில் இனிப்பு எனக்கு ஆகாது. மற்ற ஐந்து பேரும் புகழ்ந்தார்கள், இருக்கட்டும்.

கார் ஓட்டித் திரும்பும்போதுதான் கோலா உருண்டை ஞாபகம் வந்தது. ஆட்டுக் கைமாவில் பொட்டுக்கடலையைப் பொடித்துப் போட்டுத்தானே என் அம்மா உருட்டுவாள்? பொட்டுக்கடலை குறைந்த வருஷம் உருண்டை எண்ணெயில் பிரிந்து போய், அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அதை ஒருநாளும் அப்பா தண்ணீரில் போட்டுச் சோதித்ததில்லை.

ராத்திரி அவரிடம் போனில் கேட்டேன். "அப்பா, காபில சிக்கரி போடறாங்களே, அது கலப்படமா?"

"யாருடா சொன்னது? எண்பதுக்கு இருபது. சிக்கரி இல்லேன்னா கெட்டியா டிகாக்ஷன் எப்படி இறங்கும்?"

"அறுபதுக்கு நாப்பது போட்டா?"

"அது கலப்படம்" என்றார், யோசிக்காமலே. பிறகு, "என்னத்தைச் சாப்பிட்டே இன்னிக்கு?" என்றார். அவருக்குத் தெரிந்துவிடும்.

விலையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆறு சாசேஜ், 400 கிராம் பாக்கெட் ஆறரைப் பவுண்டு. அந்தக் காசுக்கு சூப்பர் மார்க்கெட்டில் மலிவு ரகம் மூன்று பாக்கெட் தூக்கிவரலாம். வாராவாரம் வாங்கக் கட்டுப்படியாகாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மனைவியிடம் பேசி முடித்திருக்கிறேன். அவள் தின்பதில்லை, ஆகவே அவளுடைய கேள்வி விலையைப் பற்றியது இல்லை, சட்டியைப் பற்றியது. தனிச் சட்டி வாங்கியாகிவிட்டது.

திங்கட்கிழமை மதியம் இரண்டை டிபன் பாக்ஸில் வைத்துக் கோவாக்காரனிடம் நீட்டினேன். சதவீதம், ரஸ்க், தோப்பு, 1955, எல்லாம் சொன்னேன். ஒன்றை முழுசாகத் தின்று முடிக்கும்வரை அவன் வாயே திறக்கவில்லை.

"இட்லி" என்றான். இரண்டாவதை எடுத்துக்கொண்டான்.